தட்டுக்காளானும் அடியில் ஒட்டிய மரமும்

யாராவது என்னைக் காளான் படித்தவர் என்று சபையில் அறிமுகப்படுத்தினால் எனக்கு இன்றைக்கும் சுறுக்கென்று கோபம் வரும். அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்துவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகு குசினியில் சட்டி பானைகள் சத்தம் போடும். கோபத்துக்குப் பெயர் போனவள்தான் நான். ஆனால் இந்த ஒரு கோபத்தை யார் தலையில் இறக்குவது என்று இத்தனை வருடமாகியும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

நான் படித்தது கறி வைக்கிற காளான் அல்ல. பட்ட மரத்திலும் கிழட்டு மரத்திலும் பக்கவாட்டில் தட்டுப் போல நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டைக் காளான். கையால் பிய்க்க முடியாது. கத்தி வேண்டும், சிலதுக்குக் கோடரியே வேண்டும். மேலாகப் பார்த்தால் பாதி ஒன்றுபோலவே இருக்கும். இனம் பிரிக்க வேண்டுமென்றால் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கத்துத் துளைகள் வட்டமா நீளமா, உள்ளே சதை வெள்ளையா தவிட்டு நிறமா, காரக் கரைசலில் ஒரு துளி விட்டால் கறுக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டியது, அது எந்த மரத்தில் இருந்தது என்பது. அடிமரம் எதுவென்று தெரியாத காளானை வைத்துக்கொண்டு அடுப்புத்தான் எரிக்கலாம்.

இதையெல்லாம் நான் யாழ்ப்பாணத்தில் தொடங்கினேன். தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரோடு கிளம்பியபோது சேகரிப்பு முழுவதும் வீட்டு அலுமாரியில் இருந்துவிட்டது. மல்லாவிக்கு நான் கொண்டுவந்தது இரண்டு சேலையும் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைவில்லையும் பல்கலைக்கழகப் பதிவுக் கடிதமும்தான். ஓலைக் கொட்டிலில் நடந்த உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பித்தேன். என்னை மேற்பார்வை செய்த பேராசிரியர் அதற்குள் தெற்கே போய்விட்டார். தொண்ணூற்றாறு தையில் பல கை மாறி அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடம் ஆடி மாதம் வவுனியாவுக்கு வருவாராம். அதற்குள் வன்னிக் காட்டிலிருந்து ஒழுங்கான சேகரிப்பு ஒன்றை லேபல்களோடு கொண்டுவந்தால் என் பதிவை நீட்டிக்கலாமாம். இல்லாவிட்டால் இதுவரை படித்ததும் இல்லை, பட்டமும் இல்லை.

படிப்பு ஒன்றுதான் அப்போது என்னிடம் மிஞ்சியிருந்தது. அதையும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

காட்டுக்குள் எப்படிப் போவது? எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரியாமல் போகிற காலம் இல்லை அது. அப்போதுதான் எனக்கு விறகு கொண்டுவந்து தருகிற பெண்ணைக் கேட்டேன். மலையகத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு, தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து காட்டோரம் குடியேறியவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சைக்கிளின் பின்னால் விறகைக் கட்டி உருட்டிக்கொண்டு மல்லாவிச் சந்தைக்கு வருவாள். என்னைவிட மூத்தவள். இருந்தும் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அவள் என்னை டீச்சர் என்றாள். அதில் ஏதும் பிழை இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளுடைய பொருள் ஒன்றை ஏற்கெனவே எடுத்தவள் நான். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்றும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். மற்ற நாட்களில் அவளே கண்ணில் பட்டதை வெட்டிக்கொண்டு வருவாள். முதல் முறை அவள் தனியாகக் கொண்டுவந்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு பெட்டி நிறையக் காளான். எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த மரத்தைச் சுத்தமாகச் செதுக்கி எறிந்துவிட்டு, மினுக்கமாக இருக்கட்டுமென்று எண்ணெயும் பூசியிருந்தாள். கீழ்ப்பக்கத்துத் துளைகளெல்லாம் சாம்பலால் அடைத்துப் போயிருந்தன.

"ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறாய்!" என்று கத்தினேன். "ஆர் உன்னைக் கழுவச் சொன்னது? அடியில மரம் இருக்க வேணும், மரம்! அது இல்லாட்டி இதெல்லாம் குப்பை!"

"டீச்சர் கையில அழுக்காக் குடுக்கலாமுங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் வந்தாள். ஒவ்வொரு காளானின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு மரத்தையும் சேர்த்துக் கொத்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இவ்வளவு தேவையில்லை என்று சொன்னேன். "இருக்கட்டும் டீச்சர். அப்புறம் குப்பைன்னு சொல்லிருவீங்க," என்றாள். கடைசி வரைக்கும் அப்படித்தான் கொத்திக்கொண்டு வந்தாள்.

என்னிடம் இரசாயனம் எதுவும் இல்லை, கிடைக்கவும் கிடைக்காது. பாலை விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்து, அவள் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டால் நல்ல காரம் வரும். காளான் சதையில் ஒரு துளி விட்டதும் கறுத்து வந்தபோது அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குப் பிறகு எதைக் கொண்டுவந்தாலும் முதலில் "இது கறுக்குமா கறுக்காதா, பந்தயம்!" என்பாள். பாதிக்கு மேல் அவள்தான் வெல்வாள். அடுப்புக்கு மேல் பரண் கட்டிக் காயவைத்தோம். கடதாசி தட்டுப்பாடான காலம், எழுதி முடித்த பரீட்சைத் தாள்களை மடித்து உறை செய்து ஒவ்வொன்றையும் போட்டு இலக்கம் எழுதினேன்.

இங்கேதான் நான் மடைத்தனம் பண்ணினேன். இடத்தை எழுதும்போது கண் தெரியாதவனும் தேடிப் போகக்கூடியதாக எழுத வேண்டும் என்பது பேராசிரியரின் பாடம். நான் நல்ல மாணவி. குளக்கட்டு எந்தப் பக்கம், அங்கிருந்து வடக்கே எத்தனை எட்டு, வண்டிப் பாதை எங்கே பிரிகிறது, எந்த இடத்தில் இரட்டைப் பாலை நிற்கிறது என்று கொப்பி முழுவதும் எழுதி, படமும் கீறி வைத்தேன். சண்டை நடக்கிற காட்டில் இருந்துகொண்டு காட்டுக்குப் படம் கீறினேன். "இதெல்லாம் எழுதணுமா டீச்சர்?" என்று அவள் ஒரு முறை கேட்டாள். "உனக்கு இது விளங்காது" என்று சொன்னேன்.

ஆடி பிறந்தது. வன்னி அப்போது இயக்கத்தின் கையில், வவுனியா இராணுவத்தின் கையில். இந்தப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்குப் போக முதலில் இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் தருகிற இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் கொப்பியைப் பிரித்து ஆறுதலாக வாசித்தார்.

"குளக்கட்டிலயிருந்து வடக்க நூற்றியிருபது எட்டு. இதென்ன டீச்சர்?"

"காளான் இருந்த இடம்."

"காளானுக்கு ஏன் பாதையெல்லாம் கீறியிருக்கிறியள்? உறையில கு பதினாலு, வ இருபத்திரண்டு எண்டு கிடக்கு. இது என்ன கணக்கு?"

"கு எண்டா குளம், வ எண்டா வயல். தம்பி, இது படிப்பு. இது இல்லாட்டி இந்தக் காளானுக்கு ஒரு பெறுமதியும் இல்லை!"

"சத்தம் போடாதேங்கோ டீச்சர். காளானைக் கொண்டு போங்கோ, ஆர் வேண்டாமெண்டது? எழுத்து ஒண்டும் போகாது."

கொப்பி போனது. லேபல்கள் போயின. உறைகளிலும் இலக்கம் இருந்ததால் உறைகளும் போயின. அதைவிட அநியாயம், ஒவ்வொரு உறையையும் என்னைக் கொண்டே பிரிக்கவைத்ததுதான். பிரித்துப் பிரித்து ஓர் உரப்பைக்குள் போட்டேன். ஒன்றுக்குமேல் ஒன்றாகக் காளான்கள் விழுந்தன. ஒன்றரை வருட வேலை ஒன்றரை மணித்தியாலத்தில் விறகு மூட்டையாகிவிட்டது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு நாள் கழித்துப் போகச் சொல்லிப் பாஸைத் தந்தார்.

அந்த இடத்தில் யார் இருந்தாலும் அந்தக் கொப்பியைப் போகவிட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை. வாங்கிவைத்த எழுத்தைத் திருப்பித் தருவதற்கும் அங்கே யாரும் இருக்கவில்லை.

அடுத்த நாள் அவள் விறகு கொண்டுவந்தபோது நான் முற்றத்தில் உரப்பையைக் கொட்டிவிட்டு அதற்கு முன்னால் சும்மா இருந்தேன். நடந்ததைச் சொன்னேன். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து குந்தினாள். ஒரு காளானை எடுத்தாள். நான் பார்க்கிற பக்கத்தை அவள் பார்க்கவில்லை. திருப்பி, அடியில் ஒட்டியிருந்த மரத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"இது வீரை. பெரிய குளத்துக் கட்டுக்குக் கீழ. எங்க மாடு காணாமப் போச்சே, அன்னிக்கி எடுத்தது." அடுத்ததை எடுத்தாள். "இது புளி. கோயிலுக்குப் பின்னால வுழுந்து கெடந்த மரம். நீங்ககூட முள்ளுக் குத்திக்கிட்டு அழுதீங்களே."

நான் அடுத்தடுத்து எடுத்து நீட்டினேன். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள். சந்தையில் தோலுரித்த விறகைப் பார்த்து வீரை என்று சொல்லி மருதைக் கொடுத்தால் அடுத்த நாள் அவளிடம் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள். சுமந்த பாரத்திலும், முகர்ந்த மணத்திலும், எரிகிற புகையிலும் மரத்தைச் சொல்லத் தெரியாமல் அந்தத் தொழிலில் ஒரு மாதம் நிற்க முடியாது. என்னிடம் அன்றைக்கு ஏச்சு வாங்கியதால் அடிமரத்தை அவள் தாராளமாகக் கொத்தியிருந்தாள். அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

மூன்று பின்னேரங்கள் இருந்தோம். சந்தேகமானதில் ஒரு சிராய் உடைத்து அடுப்பில் வைத்துப் புகையைப் பார்த்துவிட்டு வருவாள். அவள் சொல்லச் சொல்ல நான் புது உறை செய்து, மரமும் ஊரும் மட்டும் எழுதிப் புது லேபல் போட்டேன். பாதையும் எட்டுக் கணக்கும் எழுதவில்லை. பதினொரு காளானை மட்டும் அவள் புறம்பாக வைத்துவிட்டாள்.

"இது தெரியலைங்க டீச்சர். மரம் உளுத்துப் போச்சு."

"ஒரு குத்துமதிப்பாச் சொல்லன். வீரை மாதிரித்தானே கிடக்கு?"

"மாதிரின்னு எப்படிச் சொல்லுறது? தெரியாததைச் சொல்லக் கூடாதுங்க."

எவ்வளவு கேட்டும் அவள் அசையவில்லை. அந்தப் பதினொன்றின் லேபலிலும் மரத்தின் இடத்தை வெறுமையாக விட்டேன். நான் புறப்படுகிற நாள் சந்தி வரைக்கும் வந்தாள். "நான் சொன்னதுல எது தப்புன்னு அந்த ஐயாவைக் கேட்டுக்கிட்டு வாங்க டீச்சர். தெரிஞ்சுக்கணும்," என்றாள். அதை மட்டும்தான் அவள் என்னிடம் கேட்டாள். சந்திக்கு வந்ததில் அவளுக்கு அன்றைய விறகு விற்பனையும் போனது.

அந்தப் பக்கத்துச் சோதனையில் சிப்பாய் ஒருவன் உறைகளைக் கொட்டிப் பார்த்தான். இருந்ததிலேயே பெரிய காளானைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, கத்தியால் இரண்டாகப் பிளந்தான். உள்ளே அடுக்கடுக்காக வருடத்துக்கு ஒன்றாகப் படிந்த படைகள். நான் எத்தனையோ தடவை முயன்றும் அப்படி நேராக வெட்ட முடிந்ததில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தபோதே அதையும் கவனித்தேன். எரிகிற நேரத்திலும் பார்க்கிற புத்தி இந்தப் படிப்பு தந்தது.

பேராசிரியர் நெளுக்குளத்தில் தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, "நீர் உயிரோட வந்ததே பெரிய விசயம்" என்று சொன்னார். நல்ல மனிதர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அது என் பிழை. காளான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு லேபல்களைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மையில, ஒரே மாதிரி இருக்கே. புதுசா எழுதினதோ?"

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கொப்பி போனது, உரப்பை, விறகு விற்கிற பெண், நகத்தால் சுரண்டியது எல்லாம். கேட்டுவிட்டுச் சவர அலகு ஒன்றை எடுத்தார். மூன்று காளானைத் தன் விருப்பத்துக்குத் தெரிந்தெடுத்து, அடிமரத்தைக் குறுக்கே சீவி, கைவில்லையால் பார்த்தார். முதலாவது புளி. இரண்டாவது பாலை. மூன்றாவதை வெகு நேரம் பார்த்தார்.

"முதிரை," என்றார். "நானெண்டால் இதில பிழை விட்டிருப்பன்."

லேபலில் முதிரை என்றுதான் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அப்ப அவவின்ர பேரையும் போடலாம்தானே, சேர்? அடிமரம் சொன்னவர் எண்டு?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு உச்சியில் ஏறியது அந்தச் சிரிப்பால்தான்.

"இஞ்ச பாரும் பிள்ளை. விறகு விக்கிற மனுசி மணந்து சொன்னது எண்டு எழுதினால் பரீட்சகர் முழுத் தொகுதியையும் தூக்கி எறிவார். நீரே மரத்தடியில நிண்டு பாத்து எழுதினது எண்டு ஒரு கடிதம் தாரும். நான் பதிவை நீட்டித் தாறன்."

"அவ சொன்னது சரியெண்டு நீங்கள் இப்பத்தானே கண்டனீங்கள்!"

"சரிதான். சரி எண்டுறது வேற, எழுதிறது வேற."

கத்தினேன். தங்கை உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் கோபப்படாமல் காத்திருந்தார். பிறகு அந்தப் பதினொன்றையும் எடுத்து, "இதில மரம் வெறுமையாக் கிடக்கு. வீரை எண்டு போட்டு விடும். உங்கட காட்டில அதுதானே கூட," என்றார்.

"தெரியாததை எழுத மாட்டன், சேர்."

அவள் சொன்ன சொல்லை என் சொல்லாகச் சொன்னேன். அவரும் வற்புறுத்தவில்லை, பதினொன்றையும் ஒதுக்கிவிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய நேர்மைக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த நிமிர்வோடேயே பேனையை வாங்கி, எல்லா மரத்தையும் நானே நேரில் நின்று பார்த்து எழுதியதாகக் கடிதம் எழுதி ஒப்பமும் வைத்தேன். சேகரித்தவர் என்ற இடத்தில் ஒவ்வொரு லேபலிலும் என் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதை அவர் எழுதச் சொல்லவில்லை. மல்லாவியில், அவள் பக்கத்தில் குந்தியிருக்க, நானே எழுதியது. எழுதும்போது அவளுடைய பெயரைப் போடலாம் என்ற எண்ணம் ஒரு தடவைகூட என் தலைக்குள் வரவில்லை.

பேராசிரியரைப் பற்றி நான் பல பேரிடம் ஏசியிருக்கிறேன். இந்தப் பகுதியை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பினேன். நான் வந்தது எப்படித் தெரிந்ததோ, பின்னேரமே அவள் வந்துவிட்டாள். சைக்கிளில் விறகு கட்டியபடியே இருந்தது.

"எத்தனை தப்பு டீச்சர்?"

"ஒண்டும் பிழையில்லை. முதிரையில அவரே பிழை விட்டிருப்பாராம்."

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்ப என் பேரைச் சொன்னீங்களா? எழுதிக்கிட்டாரா?"

"ஓம்," என்றேன்.

"எழுதினாரா?"

"ஓம், எழுதினவர்."

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் எழுதினது எப்படி இருந்தது என்று காட்டச் சொன்னாள். நான் விறகுக் கட்டிலிருந்து ஒரு சுள்ளியை உருவி முற்றத்து மண்ணில் அவளுடைய பெயரை எழுதினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். இவ்வளவு நீளமா என்று கேட்டாள். பிறகு விறகை இறக்கிக் குசினிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த எழுத்துகள் நேர் வழியில் கிடந்தன. ஒவ்வொரு முறையும் அவள் வேலியோரமாகச் சுற்றிப் போனாள்.